வெள்ளிக்கிழமைச் சத்தியம்

வாய் தவறிச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல நான்கு நாள் இருந்தது. பழனிமுத்து சொல்லவில்லை.

திங்கட்கிழமை தொழிலாளர் லயத்து முற்றத்தில் நடந்ததை அந்தத் தேயிலைத் தோட்டத்து மேல்பிரிவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பிலிருந்து வந்த டெலிநாடகக்காரன் தர்சன், இங்கே படம் பிடிக்க எல்லாருடைய சம்மதமும் வேண்டும் என்று சொல்லிக் கதையை உரக்க வாசித்துக் காட்டினான். தோட்டத்துக் குடிகாரன் ஒருவன் திருந்துகிற கதை. எழுதியவள் பழனிமுத்துவின் ஒரே மகள் பிரவீனா. உக்குவளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், மாத்தளை டவுனில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். கதைக்கு மாகாணத்தில் பரிசு கிடைத்து, அதை தர்சன் நாடகமாக்க வந்திருந்தான்.

கதையில் அவன் குடித்தான், மனைவியின் காதுத் தோட்டை விற்றான், சாக்கடைக் கானுக்குள் விழுந்து கிடந்தான். அதுவரைக்கும் பழனிமுத்து தலையை ஆட்டிக்கொண்டுதான் இருந்தான். ஊரறிந்த விஷயம். குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆகிறது. பழையதைக் கேட்டால் வெட்கம் வரும், கோபம் வராது.

அடுத்த தாளில் அவன் மனைவியை அடித்தான்.

முற்றத்தில் நின்ற அத்தனை முகமும் பழனிமுத்து பக்கம் திரும்பின.

"குடிச்சேன்! இல்லன்னு சொல்லல்ல!" என்று கத்தினான். "வித்தேன், வாந்தியெடுத்தேன், நாயோட படுத்தேன். பொம்பள மேல கை வச்சதில்ல! வெள்ளிக்கிழமை ஆறு மணிப் பூசைக்கு மாரியம்மனுக்கு முன்னாடி சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணுறேன். பண்ணினா அந்த இடத்த வெட்டுவியா?"

தர்சன் வெட்டுவதாக ஒத்துக்கொண்டான். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டவனிடம் அந்த மலையில் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. பொய்யாக அணைத்தவன் குடும்பம் விளங்காது என்பதும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அந்தப் பேச்சுக்கு அத்தனை கனம்.

இன்றைக்கு வெள்ளி.

---

காலையில் பறித்த தேயிலைக் கொழுந்து நிறுவை முடிந்து, பகல் இரண்டு மணிக்கு வேன் இரண்டு வந்து நின்றன. ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து பனிப்புகார் இறங்கிக்கொண்டிருந்தது. தர்சனுக்கு அது பிடித்திருந்தது. "லைட் அருமையா இருக்கு" என்றான். வெயில் இல்லாததை ஒருவன் அருமை என்று சொல்லி பழனிமுத்து இன்றுதான் கேட்கிறான்.

குடிகாரனாக நடிக்க வந்தவன் கொழும்புக்காரன், வெள்ளைத் தோல். அவனுக்கு முகத்தில் கருப்புப் பூசினார்கள். தோட்டத்தான் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கையில் ஒரு போத்தல், அதற்குள் சாயத்தேத்தண்ணி.

"அக்‌ஷன்!"

அவன் வந்தான். வலப்பக்கம் சாய்ந்தான், இடப்பக்கம் சாய்ந்தான், கால் ஒன்றோடொன்று பின்னியது. ஒரு விக்கல் விக்கினான். ஏதோ பாட்டின் இரண்டு வரியை இழுத்தான்.

லயத்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கடைசிக் காம்பரா வீட்டுச் சசிக்குமார் விசில் அடித்தான். அவனுக்கு எப்படிச் சிரிப்பு வராமல் இருக்கும்? ஒன்பது வருஷம் பழனிமுத்துவோடு ஒரே கோப்பையில் குடித்தவன். இன்றைக்கும் குடிக்கிறவன்.

"எங்க அண்ணே, நீங்க இப்பிடியா நடந்தீங்க?" என்று கேட்டான். "இது கோயில் கரகம்லா!"

பழனிமுத்து வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இந்த ஆட்களை அவன் நம்பவில்லை. டீவியில் வருகிற குடிகாரன் ஒருவனையும் அவன் நம்பியதில்லை. டீவியில் எல்லாரும் தள்ளாடுவார்கள், கடைசியில் போத்தலைப் பாறையில் அடித்து உடைப்பார்கள். உள்ளே சாமான் இருக்கிற போத்தலை உடைக்கிற குடிகாரனை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. குடித்துவிட்டு வேண்டுமானால் உடைப்பான்.

"தம்பி," என்றான் தர்சனிடம். "குடிச்சவன் ஆட மாட்டான்."

"என்ன ஐயா?"

"ஆடாம நடக்கத்தான் பாப்பான். பொண்டாட்டி வாசல்ல நிக்கிறா, புள்ள பாக்குது. ஒண்ணுமே குடிக்காதவன் மாதிரி நேரா போகணும்னு ஒவ்வொரு காலையும் யோசிச்சு யோசிச்சு வைப்பான். அதுலதான் புடிபடுவான்."

தர்சன் அவனையே பார்த்தான். பிறகு, "ஒரு தடவை நடந்து காட்டுறீங்களா?" என்றான்.

"போத்தல் வேணாம்."

"போத்தல் இல்லாமலே."

மனைவியாக நடிக்க வந்த நடிகை மலைப்பாதை வளைவில் தலை சுற்றிப்போய் வேனுக்குள் படுத்திருந்தாள். அவள் இருக்க வேண்டிய இடத்தில், இஸ்தோப்புத் திண்ணை ஓரத்தில், யாராவது சும்மா உட்கார்ந்தால் போதும் என்றான் தர்சன். பழனிமுத்துவின் மனைவி இலட்சுமி சுளகும் அரிசியுமாக அங்கேதான் இருந்தாள். அது அவளுடைய வாசல், அவளுடைய அரிசி.

"அம்மா, நீங்க அரிசியைப் புடைச்சுக்கொண்டு இருங்க. ஒண்டும் செய்ய வேணாம்."

இலட்சுமி அவன் பக்கம் வலக்காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். இடக்காது அவளுக்கு மந்தம். ஐந்தாறு வருஷத்துக்கு முன் மலையில் கொழுந்து எடுக்கும்போது ரிவர்ஸ்டன் காற்று அடித்தது என்று சொல்லுவாள்.

பழனிமுத்து வேலி வரைக்கும் போய்த் திரும்பி நின்றான்.

எப்படி நடந்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கும் என்றுதான் நினைத்தான். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதலடி வைத்ததும் உடம்பு தானாக எடுத்துக்கொண்டது. கழுத்து விறைத்தது. கண் நேரே போனது. தரை இருக்கிறதா என்று கால் தொட்டுப் பார்த்து வைத்தது. சனம் சிரிப்பதை நிறுத்தியது. அவர்களுக்கு இந்த நடை தெரியும்.

வாசலுக்கு வந்தான். படியில் ஏறக் கதவு நிலையைப் பிடிக்க வேண்டும். எப்போதும் அப்படித்தான். வலக்கையைத் தூக்கினான்.

இலட்சுமியின் இடக்கை மேலே போனது.

முழங்கை முகத்துக்கு முன்னால், உள்ளங்கை காதின் மேல், நாடி தோளுக்குள். சுளகு சரிந்து அரிசி படியெல்லாம் கொட்டியது. கண் இறுக மூடியிருந்தது.

பழனிமுத்துவின் கை கதவு நிலையில் இருந்தது. அவள் தலையிலிருந்து இரண்டு முழம் தள்ளி.



"சூப்பர்!" என்றான் தர்சன். "ஐயோ, கேமரா ஓடல்லையே! அப்படியே, அப்படியே இன்னொரு டேக் போவம்!"

---

இலட்சுமி குனிந்து அரிசியைப் பொறுக்கினாள். பழனிமுத்துவும் குனிந்தான்.

"என்னா பயந்துட்டியா?" என்றான். சிரிக்கப் பார்த்தான்.

"திடீருன்னு வந்தீங்க."

"நடந்துதானே வந்தேன். நீ பாத்துக்கிட்டுதானே இருந்த."

"ம்."

"நிலையத்தான் புடிக்கப் போறேன். இந்தா, இங்க. இந்த இடத்துலதான் கை வைப்பேன். வெளங்குதா?"

"வெளங்குது."

மறுபடி வேலி வரைக்கும் போனான். இந்தத் தடவை அவனுக்கு நடையில் கவனமில்லை. பயம் பிடித்துவிட்டது. எதற்கென்று சொல்லத் தெரியாத பயம். வேண்டுமென்றே மெதுவாக வந்தான். படிக்கு இரண்டடி முன்பே, "இந்தா, கை வைக்கிறேன்" என்று முணுமுணுத்தான். பூப் பறிக்கிறவன் மாதிரிக் கையைத் தூக்கினான்.

அவள் கை மேலே போனது. அதே காது. அதே வேகம்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

தர்சனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடிவந்தான். "அம்மா, நீங்கதான் நடிக்கணும்! அந்தக் கையை மட்டும் கிட்ட வச்சு எடுக்கிறன். ஐயா வேணாம். நீங்க மட்டும், அந்த மாதிரிக் கையைத் தூக்குங்க."

இலட்சுமி தூக்கினாள். ஈ விரட்டுகிற மாதிரி இருந்தது.

"இல்லம்மா, முதல்ல செய்தீங்களே."

இன்னொரு தடவை தூக்கினாள். வெயிலுக்கு மறைக்கிற மாதிரி இருந்தது.

"வராது தம்பி," என்றாள். "அத நான் தூக்கல்ல. அது தானா போனது."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

---

குசினிக்குள் அடுப்பு எரியவில்லை. எரிகிற அடுப்பின் முன் உட்காருகிற மாதிரி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"இலட்சுமி."

"வேலையப் பாருங்க. அந்தத் தம்பி தேடும்."

"அந்தக் காது."

"குளிர்க்காத்து."

"என் மூஞ்சப் பாத்துச் சொல்லு."

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப எதுக்கு அது? பதினாலு மாசமா ஒழுங்கா இருக்கீங்க. நா ஏதாவது கேட்டேனா? கேக்கல்லதானே?"

"அடிச்சேனா?"

"ஞாபகம் இருக்கா?"

"இல்ல."

"ஞாபகம் இல்லன்னா இல்ல. போய்ச் சூடத்த அணைங்க. தெரியாதத சொன்னா பொய் ஆகாது. ஆத்தா அந்தப் பாவத்த எழுதிக்க மாட்டா."

"நீ ஆமான்னும் சொல்றதில்ல, இல்லன்னும் சொல்றதில்ல!"

"சொன்னா எங்க போவீங்கன்னு எனக்குத் தெரியும்." இப்போது பார்த்தாள். "மூணு தடவ விட்டீங்க. மூணு தடவயும் எதுக்குத் திரும்பப் போனீங்க? ஒருக்கா உங்கம்மா செத்தது. ஒருக்கா சசி ஏதோ ஏசினது. ஒருக்கா ஒண்ணுமே இல்ல, மழை பெஞ்சுச்சு. இதச் சொல்லிட்டு நா எந்தச் சாமியக் கும்பிட்டுக்கிட்டு இருக்க?"

அவள் சொன்ன கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

சுவரில் ஒரு கையை ஊன்றினான். அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அதை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அவன் வெளியே வந்தபோது அடுத்த காட்சி நடந்தது. நடிகை தெளிந்து எழுந்து வந்திருந்தாள். குடிகாரன் திருந்துகிற இடம். கதாநாயகன் போத்தலைப் படியில் அடித்து உடைத்தான். சாயத்தேத்தண்ணி பாய்ந்தது. கண்ணில் ஏதோ சொட்டு மருந்து ஊற்றி அழுதான். மனைவியின் காலில் விழுந்தான். அவள் குனிந்து அவனைத் தூக்கினாள், சிரித்தாள். "கட்!" எல்லாரும் கைதட்டினார்கள். ஆறு நிமிஷம் ஆகியிருக்கும்.

பழனிமுத்து திருந்தினபோது யாரும் கைதட்டவில்லை. மாத்தளை ஆஸ்பத்திரியில் மூன்று நாள் அவன் சுவரில் எறும்பு பிடித்தான். இல்லாத எறும்பு. நடுக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்க ஏலாமல் இலட்சுமி கரண்டியால் ஊற்றினாள். படுக்கையோடு மூத்திரம் போனான். அவள் துடைத்தாள். துடைத்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததா? இல்லை. அது என்ன முகம் என்று அன்றைக்கு அவன் பார்க்கவில்லை. பார்க்கிற நிலையில் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகும் பார்க்கவில்லை. குடிக்காமல் இருப்பதே பெரிய காரியம் என்று இருந்துவிட்டான். தன்னை எல்லாரும் மெச்ச வேண்டும் என்றுகூட இருந்தான்.

"இது யாரு வீட்டுல நடந்துச்சு?" என்று குசினியிலிருந்து குரல் வந்தது. நடிகை சிரிப்பதை இலட்சுமி சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

---

ஐந்தரைக்கு ரத்தோட்டை பஸ்ஸில் வந்து இறங்கிப் பிரவீனா நேரே கோயிலுக்குப் போனாள். வீட்டுக்கு வரவில்லை. திங்கட்கிழமையிலிருந்து அப்பாவும் மகளும் பேச்சில்லை.

கோயில் என்றால் பெரிய கோயில் இல்லை. தேயிலை ஸ்டோருக்கு மேல்புற மேட்டில் ஒரு தகரக் கூரை, ஒரு மணி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு ஆத்தா. வழக்கமாக வெள்ளிக்கிழமைக்கு இருபது பேர் வருவார்கள். இன்றைக்கு நடக்க இடமில்லை. தர்சனும் அவனுடைய ஆட்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு பக்கம் நின்றார்கள். கேமராவைக் கொண்டுவரக் கூடாது என்று பூசாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சசிக்குமார் தண்ணி போட்டுவிட்டுத்தான் வந்திருந்தான். ஆடாமல் நின்றான்.

இலட்சுமி பெண்கள் பக்கம் தூணோடு நின்றாள்.

பூசை முடிந்தது. பூசாரி ஒரு கல்லின் மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

"வாங்க பழனிமுத்து. மனசுல சுத்தம் இருந்தா கை சுடாது."

பழனிமுத்து முன்னால் வந்தான். வருகிற வழியெல்லாம் இலட்சுமி சொன்னதைத்தான் மனதுக்குள் புரட்டிக்கொண்டு வந்தான். தெரியாததைச் சொன்னால் பொய் ஆகாது. ஒரு நிமிஷ வேலை. கை சூடுபடும், அவ்வளவுதான். அந்த இடத்தை வெட்டுவார்கள். பதினான்கு மாதம் பதினைந்தாகும்.

கையை நீட்டினான்.

"அப்பா, வேணாம்!"

பிரவீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள். சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

"நீங்க சத்தியம் பண்ண வேணாம்ப்பா. நான்தான் பொய்யா எழுதினேன்." சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். "எல்லாரும் கேட்டுக்கங்க. கதைக்கு வேணும்னு சேர்த்தேன். எங்கப்பா அம்மாவ அடிச்சதே இல்ல. தர்சன், அந்த சீனை வெட்டிடுங்க."

பெண்கள் பக்கம் கசமுசாவென்று எழுந்தது. "படிச்ச புள்ள செய்யிற வேலையா இது?" என்று ஒருத்தி கேட்டாள். "பெத்த அப்பன் பேரையா விப்பாங்க?" என்றாள் இன்னொருத்தி.

பிரவீனா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

பழனிமுத்து மகளைப் பார்த்தான். ஐந்தாறு வருஷத்துக்கு முன் இவளுக்குப் பதினெட்டு வயது இருக்கும், உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள். காம்பராவில் ஒரே அறை. எங்கே போயிருப்பாள்? அங்கேதான் இருந்திருப்பாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு, மூலையில். அவனுக்கு ஞாபகமில்லாத ஒவ்வொன்றையும் இரண்டு பேர் ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்த இரண்டு பேரும் அவனுக்காகப் பொய் சொல்கிறார்கள்.

எவ்வளவு லேசாக முடிந்துவிட்டது! கைகூடச் சுடவில்லை. மகளை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சனம் அவனைத்தான் மெச்சும்.

"ஏய், நிறுத்துங்க," என்றான்.

பேச்சு அடங்கியது.

"அவ பொய் சொல்றா. இப்ப சொல்றதுதான் பொய். எழுதினது உண்மை."

"அப்பா..."

"எனக்கு ஞாபகம் இல்ல. ஆனா உண்மை. இன்னைக்குப் பகல்தான் எனக்கே தெரியும். நீங்களும்தான் பாத்தீங்க, ரெண்டு தடவ. நா நெலயத்தான் புடிச்சேன். அவ கை..." அதற்கு மேல் வரவில்லை. "அவ காது காத்து அடிச்சுப் போகல்ல."

சூடம் கல்லில் எரிந்து முடிந்து கருகிய வட்டம்தான் மிஞ்சியது. பூசாரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மணியை ஒருதரம் அடித்து வைத்தார்.

பிரவீனா அழுதுகொண்டே அப்பாவின் கையைப் பிடிக்க வந்தாள். தர்சனின் கண்ணும் கலங்கியிருந்தது. இப்படி ஒரு முடிவு அவனுக்கு எந்தத் தாளிலும் கிடைத்திருக்காது. சிலபேர் "சரி, சரி" என்று தலையை ஆட்டினார்கள். ஒரு நல்ல காரியம் நடந்துவிட்ட மாதிரி எல்லாருக்கும் இருந்தது.

ஒருத்தியைத் தவிர.

"முடிஞ்சிச்சா?" என்றாள் இலட்சுமி.

அவள் குரல் அவ்வளவு சத்தமாக வந்து யாரும் கேட்டதில்லை. தூணை விட்டு முன்னால் வந்தாள்.

"என்னயக் கேட்டீங்களா? யாராவது ஒருத்தர்?"

"இலட்சுமி..."

"அடி வாங்கினது நான். அவ அத எழுதி பரிசு வாங்குறா. நீங்க அதுக்குச் சத்தியம் பண்ண வாறீங்க. இந்தத் தம்பி படம் புடிக்குது. இன்னைக்குப் பகல் அவளுக்கு போன் போட்டு, விட்டுடு புள்ள, இல்லன்னு சொல்லிடுன்னு கெஞ்சினேன். எதுக்கு? நீங்க விழுந்துடக் கூடாதுன்னு. நா அஞ்சு வருஷமா பொத்தி வச்சத ஒரு நிமிஷத்துல கொண்டாந்து கோயில் வாசல்ல கொட்டிட்டீங்க. உங்களுக்குப் பாரம் கொறஞ்சிரும். நாளைக்கு மலையில கூடையோட நிக்கப் போறது யாரு? 'அக்கா, எந்தக் காது'ன்னு என்னயத்தான் கேப்பாங்க!"

பிரவீனா வாயைப் பொத்திக்கொண்டாள். எழுதும்போது அவள் அம்மாவைப் பற்றி நினைத்து நினைத்துத்தான் அழுதாள். அம்மாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை.

இலட்சுமி தர்சன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அடிக்கிறத வையுங்க, வெட்டுங்க, உங்க இஷ்டம். ஆனா அந்தப் பொம்பள கடைசியில சிரிக்கக் கூடாது."

தர்சன் தொண்டையைச் செருமினான். "அம்மா... அவர் திருந்திட்டார்தானே? அவ சிரிக்காட்டி கதை எப்படி முடியும்? அவ பின்ன என்ன செய்வா?"

"அதான் எனக்கும் தெரியல்ல," என்றாள் இலட்சுமி. "தெரிஞ்சா சொல்லி அனுப்புறேன். அதுவரைக்கும் முடிக்காதீங்க."

---

அவள் வீட்டுக்கு வந்து ஒரு சேலையும் தலையணையும் எடுத்துக்கொண்டாள். தர்சனின் வேன் மாத்தளைக்குப் போகிறது. பிரவீனாவின் அறையில் இரண்டு பேர் படுக்கலாம்.

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டான் பழனிமுத்து.

"தெரியாது."

"நா இனி..."

"ஒண்ணும் சொல்லாதீங்க. சத்தியம் கித்தியம் ஒண்ணும் வேணாம். சோறு இருக்கு. பருப்பு இருக்கு. மாத்திரைய மறக்காம போடுங்க."

பிரவீனா வேனுக்குள்ளிருந்து கையைக் காட்டினாள். இலட்சுமி முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடக்காதுதான் இவன் பக்கம் இருந்தது. "கவனம்" என்று சொன்னான். கேட்டிருக்காது. வேன் கீழ்வளைவில் திரும்பிப் புகாருக்குள் போய்விட்டது.

பழனிமுத்து வாசலில் நின்றான். படியில் பகல் கொட்டிய அரிசி நாலைந்து மணி இன்னும் கிடந்தது. வாய் காய்ந்திருந்தது. இந்த வறட்சி அவனுக்குத் தெரியும். தண்ணீர் குடித்தால் போகாது. குடித்துப் பார்த்தான். போகவில்லை.

லயத்து முனையிலிருந்து சசிக்குமார் வந்தான். நேராக, ஒவ்வொரு காலாக வைத்து வந்தான்.

"அண்ணே! தனியாவா?"

"ம்."

"இன்னைக்கு நீங்கதான் அண்ணே ஹீரோ. அந்தக் கொழும்பான் உங்க கால் தூசிக்குக் காண மாட்டான். என்ன நடை! அப்புறம் கோயில்ல ஒரு போடு போட்டீங்களே." குரலைத் தாழ்த்தினான். "அதுவும் படத்துக்குத்தானே? முன்னாலயே பேசி வச்சதா?"

பழனிமுத்து அவனைப் பார்த்தான். ஆமாம் என்றால் நாளைக்கு வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் அதுதான் செய்தியாகும். சசி வாய்க்குப் பூட்டுக் கிடையாது. லயமே சிரிக்கும். இலட்சுமியின் காதுகூடத் திரும்பவும் குளிர்க்காற்றால் போனதாகிவிடும்.

"படம் இல்ல," என்றான். "அடிச்சேன்."

கோயிலில் இந்தச் சொல் அவன் வாயிலிருந்து வரவில்லை. இப்போதுதான் வந்தது. கேட்க இருந்தவன் சசிக்குமார் ஒருவன்தான்.

சசிக்குமார் அவன் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. அன்பாகத்தான் சிரித்தான்.

"இதுக்கா அண்ணே இந்த மூஞ்ச வச்சிருக்கீங்க? எல்லாரும்தானே."

சொல்லிவிட்டு இஸ்தோப்பில் உட்கார்ந்தான். பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துக் காட்டினான். ஒன்பது வருஷம் பழனிமுத்து உட்கார்ந்த இடம். எல்லாரும்தானே. அதைக் கேட்டதும் வாய் வறட்சி ஒரு நொடி நின்றது. அவ்வளவு இதமாக இருந்தது. அதுதான் அவனுக்குக் கிலியைக் கொடுத்தது.

"எந்திரி," என்றான்.

"அண்ணே?"

"எந்திரிச்சுப் போ சசி. உங்க வீட்டுக்குப் போ. போய்..." நிறுத்தினான். சசியின் பொண்டாட்டி நிரோஜா பகல் படப்பிடிப்பில் இலட்சுமிக்குப் பின்னால் நின்றாள். இலட்சுமியின் கை எழும்பியபோது நிரோஜா எங்கே பார்த்தாள்? அவள் தன் புருஷனைத்தான் பார்த்தாள். இப்போதுதான் அது பழனிமுத்துவுக்கு உறைத்தது. "போய் நிரோஜா கிட்டயும் போகாத. சும்மா வெளிய இரு."

"என்னா அண்ணே பேசுறீங்க?" சசிக்குமார் எழுந்தான். கோபப்படவில்லை. சாரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டான். "இன்னைக்கு மனசு சரியில்ல உங்களுக்கு. எனக்கு வெளங்குது. தனியா இருக்காதீங்க. கள்ளுத் தவறணையில ஒரு ஆளப் பாத்துட்டு எட்டு மணிக்கு வாறேன். சும்மா பேசிக்கிட்டு இருப்போம்."

போய்விட்டான்.

பழனிமுத்து உள்ளே வந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாளைப் போட்டான். கையை எடுக்காமல் அங்கேயே நின்றான்.

சுவர் மணிக்கூட்டில் ஏழு இருபது. எட்டு மணிக்கு இன்னும் நாற்பது நிமிஷம்.